கோயில் இடிபாடுகளைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் கலைப்பணிக்கு ஒப்படைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆற்றங்கரை மாரியம்மன் கோயில் குடும்பங்கள்,
சாட்ஸ்வர்த், டர்பன்.

பெறுநர்:
பாரம்பரியப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
குவாசூலு-நாட்டால் மாகாணம், தென்னாப்பிரிக்கா.

பொருள்: வெள்ளத்தில் விழுந்த கோயிலின் எச்சங்களைக் கொண்டு நினைவுச் சுவர் எழுப்ப அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் கோயில் விழுந்தது. மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்ட உயிர்கள் போன நேரத்தில் ஒரு கட்டடத்துக்காக அழ எங்களுக்கே கூச்சமாக இருந்தது. அதனால் அப்போது எதுவும் கேட்கவில்லை.

இப்போது கேட்க வேண்டியதாகிவிட்டது. இடத்தைச் சுத்தம் செய்ய வந்த ஒப்பந்தக்காரர் போன மாதம் ஒரு லாரி நிறைய இடிபாடுகளை ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டார். துவாரபாலகரின் ஒரு கையும் அதோடு போய்விட்டது. மீதிச் சுதைத் துண்டுகளும் செங்கலும் தகரமும் வளாகத்தில் குவிந்து கிடக்கின்றன. கதவை மட்டும் அன்றிரவே தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டு கராஜில் வைத்துவிட்டோம்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த பழைய கோயிலின் கதவு. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து அங்கே காய்கறி பயிரிட்ட எங்கள் முன்னோர், மண்சுவரும் தகரமுமாக எழுப்பிய கோயில் அது. 1950-இல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. 1958-இல் கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று அறிவித்தார்கள். அறுபதுகளில் சாட்ஸ்வர்த்துக்குக் கிளம்பியபோது, தாத்தாமார்கள் பாத்திரம் பண்டங்களோடு இந்தக் கதவையும் கொஞ்சம் செங்கலையும் லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். புதுக்கோயிலின் வாசலுக்குக் கதவு பெரிதாக இருந்ததாம். கதவில் உளி படக்கூடாது என்று ஆயா ஒருவர் பிடிவாதமாகச் சொல்ல, கட்டி முடித்த சுவரை இடித்து வாசலை அகலமாக்கினார்களாம். ஒருமுறை அழிவிலிருந்து மீட்டு வந்ததை எப்படி அம்மா குப்பை என்பது?

பின்னமான மூலவரை வழிபாட்டில் வைக்கக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். குருக்களைக் கேட்டு, சிலையிலிருந்து தெய்வசக்தியை எடுத்துவிடும் கலாகர்ஷணச் சடங்கைச் செய்து, கடலில் சேர்த்துவிட்டோம். பூசையில் இருந்த எதையும் கலைக்கு எடுக்கமாட்டோம். பெரியவர்கள் சிலருக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. அது நியாயமான தயக்கம். அவர்களோடு பேசித்தான், முகமுள்ள துண்டு எதையும் தரையில் பதிப்பதில்லை, கால் படாத உயரத்தில்தான் வைப்பது என்று முடிவு செய்தோம்.

வெள்ளம் ஏறாத மேட்டில் ஒரு சுவர். அதன் நடுவில் திறந்தபடி அந்தக் கதவு. இருபுறமும் சுதைத் துண்டுகள். விரிசலைப் பூசி மறைக்கமாட்டோம். புதிதாகச் சேர்ப்பது வேறு நிறத்தில் இருக்கும். போன கையைப் போலியாகச் செய்து ஒட்டவும் மாட்டோம். இந்தச் சுவரைச் சாட்ஸ்வர்த் பிள்ளைகள் தங்கள் கையால் எழுப்ப வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இந்த நாட்டுக்கு இது புதிதல்ல. காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த ஜோகன்னஸ்பர்க் பழைய கோட்டைச் சிறையில் விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை இடித்தபோது, அதன் செங்கல்லைத்தான் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் பயன்படுத்தினார்கள். கேப் டவுனில் நிறவெறி ஆட்சி இடித்துத் தரைமட்டமாக்கிய ஆறாம் மாவட்டம் என்ற குடியிருப்பின் தெருப் பெயர்ப் பலகைகள் இன்று அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன.

1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி, 60 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தை அனுமதியின்றி இடிக்க முடியாது. எங்கள் கோயிலை ஆறு இடித்தது. அதனாலேயே மீதி கேட்பாரற்றுக் கிடக்கிறது.

ஆகவே, துண்டுகளைப் படமெடுத்துப் பட்டியலிட்டு முடிக்கும்வரை அங்கிருந்து எதையும் ஏற்றக்கூடாது என்று உடனே உத்தரவிட வேண்டுகிறோம். அப்புறம், பட்டியலிட வழிகாட்ட உங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பி, சுவர் எழுப்பவும் அனுமதி தர வேண்டும். செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

ஆங்கிலப் படியை இணைத்துள்ளோம். தமிழில்தான் கையெழுத்திடுவோம் என்ற பெரியவர்களுக்காக இந்தப் படி. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் வளாகத்தில் இருப்போம். வந்தால் கதவைக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கோயில் குடும்பத்தார்