ஊட்டிக்கு ஏறும் ஈவோ

குன்னூர்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு வாரமாக மதியம் இரண்டு மணிக்கே பனி மூடிவிடுகிறது. காட்டேரி ஊர்ப்பக்கம் பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டுதான் வண்டிகள் போகின்றன. குழந்தைகளின் பரீட்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் சந்தோஷம்.

உன் பட்டறைக்கு வந்திருக்கும் மிட்சுபிஷி லான்சர் ஈவோ 9 காரைப் பற்றிக் கேட்டிருந்தாய். கோவையில் 1.4 பார் பூஸ்டில், அதாவது டர்போ காற்றை அமுக்கித் தரும் அந்த அழுத்தத்தில், நன்றாக இழுக்கிறது, ஊட்டி ஏறினால் மூச்சு முட்டுகிறது, அதனால் பூஸ்ட் கன்ட்ரோலரைத் திருகி பூஸ்டைக் கூட்டித் தரச் சொல்கிறார் வண்டிக்காரர். தயவுசெய்து கூட்டாதே.

பூஸ்ட் கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான். வெளிக்காற்று கோவையில் ஏறத்தாழ 0.96 பார், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 0.77. கேஜில் அதே 1.4 நின்றாலும் இன்ஜினுக்குள் காற்று நுழையும் மானிஃபோல்டில் மொத்தம் 2.36 இருந்தது 2.17 ஆகிவிடுகிறது. நூற்றுக்கு எட்டு பங்கு போச்சு, அவ்வளவுதான். அந்த எட்டையும் மீட்க கேஜில் 1.6 வேண்டும். கோவையில் வெளிக்காற்றை இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக அமுக்கிய டர்போ, ஊட்டியில் மூன்று மடங்குக்கு மேல் அமுக்க வேண்டியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோவையில் 30 டிகிரி காற்றை இழுத்து சுமார் 150 டிகிரியில் வெளியே தள்ளும் டர்போ, ஊட்டியில் 15 டிகிரி குளிர்காற்றை இழுத்தாலும் 165 முதல் 175 வரை தள்ளும். மலைக்குளிர், அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கு உதவும் என்று நினைப்போம். அந்த உதவியை இந்தச் சூடு தின்றுவிடுகிறது. சூடு மிஞ்சினால் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து, அதாவது நாக் அடித்து, பிஸ்டனை அரிக்கும். டர்போவின் சுழற்சியும் எல்லையைத் தாண்டக்கூடும்.

அதைவிட முக்கியம், அவர் உணரும் மூச்சுமுட்டல் உச்ச பூஸ்டில் இல்லவே இல்லை. கொண்டை ஊசி வளைவில் மூன்றாம் கியரில், 3,000 சுற்றுக்குக் கீழே ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். அங்கே டர்போ இன்னும் எழும்பவில்லை. பூஸ்ட் வராத வரைக்கும் அது 8.8 கம்ப்ரஷன் விகிதம் உள்ள வெறும் இரண்டு லிட்டர் இன்ஜின். கோவையோடு பார்த்தால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போவைச் சுழற்றும் புகையும் குறைவதால் அது இன்னும் தாமதமாக எழும்புகிறது. கன்ட்ரோலரில் உச்சத்தைக் கூட்டினால் இந்த இடத்தில் ஒன்றும் மாறாது. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறங்கச் சொல்.

நீ செய்ய வேண்டியது கசிவு சோதனை. டர்போவின் வாயில் மூடி போட்டு, பட்டறைக் கம்ப்ரசரிலிருந்து 1 பார் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவு. இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப், புளோ-ஆஃப் வால்வு (ஆக்சிலேட்டரை விட்டதும் மிஞ்சிய காற்றை விடுவிப்பது), இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பான்) ஓ-ரிங், திராட்டில் தண்டு, கசிவு இருந்தால் இந்த நாலில் எங்காவது நுரை கிளம்பும். டர்போவைச் சுற்றிப் புகையை வெளியேற்றும் கதவான வேஸ்ட்கேட்டின் ஆக்சுவேட்டர் தண்டின் இறுக்கத்தையும் பார். தளர்ந்திருந்தால் கேட் சீக்கிரமே திறந்து புகையை வீணாக்கிவிடும். புளோ-ஆஃப் வால்வு காற்றை வெளியே விடும்படி மாற்றியிருந்தால் பழையபடி இன்டேக்குக்கே திருப்பிவிடு. ஏர் மீட்டர் அளந்த காற்று வெளியே போனால் பெட்ரோல் மட்டும் மிஞ்சி, கியர் மாற்றும்போதெல்லாம் கறுப்புப் புகை வரும்.

400 ஹார்ஸ்பவர் வேண்டும் என்கிறாரே, அதற்கு இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு ஹார்ஸ்பவருக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்று வைத்துக்கொள். 85 சதவீத டியூட்டியில், அதாவது 85 சதவீத நேரம் திறந்திருந்தால், நாலு இன்ஜெக்டருக்கும் தலா நிமிடத்துக்கு 720 சிசி தேவை. கம்பெனி 560 சிசி 300 ஹார்ஸ்பவரைக் கொஞ்சம் தாண்டும்போதே மூச்சை விட்டுவிடும். பம்பும் மாற வேண்டும். பூஸ்ட் ஏற ஏற ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு ஏற்றும். 3 பாரில் தாராளமாகக் கொட்டும் பம்ப் 4.4 பாரில் திணறும். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-ஐத் தாண்டக் கூடாது. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை (சூட்டைச் சீக்கிரம் கடத்துவது), இடைவெளி 0.65 மில்லிமீட்டர்.

நின்ற இடத்திலிருந்து கால் மைல் (சுமார் 400 மீட்டர்) ஓட எடுக்கும் நேரம் பற்றியும் கேட்டிருந்தாய். ஓட்டுநரோடு 1,500 கிலோ. எடையை ஹார்ஸ்பவரால் வகுத்து, கன மூலம் எடுத்து, 7.58-ஆல் பெருக்கு. கம்பெனி 280 ஹார்ஸ்பவருக்கு 13.3 நொடி, 400-க்கு 11.8. ஊட்டிக் காற்றில் எட்டு சதவீதம் போனால் அதே வண்டிக்கு 12.1 வரும். அந்த 0.3 நொடிக்காகவா பிஸ்டனைப் பணயம் வைப்பது? நேரம் பார்ப்பதெல்லாம் கீழே சமவெளியில், ஓடுதளத்தில் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே நொடியைவிட முடிவுக்கோட்டு வேகத்தைக் குறித்துக்கொள். நொடியைக் கிளட்சும் டயரும் மாற்றிவிடும். வேகம் பவரை மட்டும்தான் சொல்லும். 400 உண்மையென்றால் மணிக்கு 185 கிலோமீட்டர் வரும், 165 வந்தால் அது 280-தான்.

இதற்கு முன்பே யாராவது பூஸ்டைக் கூட்டி ஓட்டியிருக்கிறார்களா என்பது பிளக்கில் தெரியும். நாலையும் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் டார்ச் அடித்துப் பார். இன்ஜின் நாக் அடித்திருந்தால் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அதில் ஒன்றிரண்டு வெள்ளியாக மின்னினால் அது பிஸ்டனின் அலுமினியம். அப்படி இருந்தால் வேறு எதையும் தொடாமல் சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தத்தைப் பார்த்து, நாலு சிலிண்டர் எண்களையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ரவி