விஜிக்கு, பிரஷர் விஷயமாக

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. உன் பையன் அருணுக்குப் பள்ளி முகாமில் 138/88 என்று எழுதிக் கொடுத்ததும், அன்று ராத்திரியே உன் மாமியார் "எல்லாம் உன் அப்பா வீட்டுச் சொத்து" என்று சொன்னதும் படித்து, எதற்கு முதலில் பதில் எழுதுவதென்றே தெரியவில்லை.

அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சொல்கிறபடி, 13 வயது ஆகிவிட்டால் பெரியவர்கள் கணக்குதான். 120/80-க்குக் கீழே சரி, மேல் எண் 130-ஐயோ கீழ் எண் 80-ஐயோ தொட்டால் பிரஷர். ஆனால் அதை மூன்று வெவ்வேறு நாள் பார்க்காமல் யாரும் முடிவு கட்டக்கூடாது. போன வருஷம் என் பெண்ணுக்கு ஒரு கிளினிக்கில் 142 காட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? அவளுக்குக் கை கொஞ்சம் பருமன், பிரஷர் பார்க்கக் கையில் சுற்றுகிற பட்டை ஒட்டாமல் பிய்த்துக்கொண்டே வந்தது, அந்தம்மா அதை விரலால் அழுத்திப் பிடித்தபடி காற்றடித்தார். வேறு இடத்தில் பெரிய பட்டை போட்டு, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரவைத்துப் பார்த்தால் 124. பட்டை சின்னதானால் அளவு கூடத்தான் காட்டும்.

சரி, பரம்பரை. பொய்யில்லை விஜி, ஆளுக்கு ஆள் பிரஷர் வேறுபடுவதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மரபணுதான். ஆனால் அது ஒரே மரபணு இல்லை. 2018-ல் பத்து லட்சம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததில் மரபணுக்களில் பிரஷரோடு சம்பந்தப்பட்ட இடங்கள் 900-ஐத் தாண்டிவிட்டன, ஒவ்வொன்றும் ஏற்றுவது பெரும்பாலும் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாம் சில்லறைக் காசு, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தது. உன் மாமியார் தினம் காலையில் காபிக்கு முன்னால் போடுகிற மாத்திரை எதற்காம்?

ஒரே மரபணுவால் வருவதும் உண்டு, ரொம்ப அபூர்வம். 1963-ல் அமெரிக்காவில் கிராண்ட் லிடில் என்ற டாக்டர் 16 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். பிரஷர் அதிகம், பொட்டாசியம் குறைவு, கூடப் பிறந்தவர்களுக்கும் அதே கதை. உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கிற ஆல்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் எகிறியிருக்கும் என்று பார்த்தால் அது இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. பல வருஷம் கழித்து அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள், பிரஷர் தானாக இறங்கிவிட்டது! சிறுநீரகத்தில் உப்பிலுள்ள சோடியம் உடம்புக்குள் திரும்பி வருகிற வழி மூடாமலே கிடந்திருக்கிறது. 1994-ல் அந்த மரபணுவையும் பிடித்துவிட்டார்கள். அந்த வழியை அடைக்க அமிலோரைடு என்று மாத்திரையே இருக்கிறது.

அருணுக்கு அதுதான் என்று சொல்லவில்லை, பயப்படாதே. மறுபடியும் அதிகமாகவே இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின், அப்புறம் சிறுநீர், மூன்றும் பார்க்கச் சொல். உன் சின்ன சித்தப்பா 36 வயதில் பக்கவாதம் வந்து விழுந்தாரே, வெட்கப்படாமல் அதை டாக்டரிடம் சொல், அவருக்கு வேண்டிய தகவலே அதுதான்.

அப்புறம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வீட்டில் தயிர்சாதத்துக்கே அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் மூன்றும் வேண்டும், உங்களோடு உட்கார்ந்து அருணும் அதையேதானே சாப்பிடுகிறான்?

மூன்று நாள் அளவும் எழுது. வடுமாங்காய் ஒரு ஜாடி உனக்கென்று எடுத்து வைத்திருந்தேன், இப்போதைக்கு அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

உன்,
உமா