வீதியிலேயே சிகிச்சை: தொடர்ந்து நடத்த ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஓபியாய்டு எனப்படும், அபினைப்போல் செயல்படும் பொருள்களின் போதைக்கு அடிமையாகி, தங்க இடமும் இன்றி வீதியில் வாழ்பவர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே தேடிச்சென்று எங்கள் குழு சிகிச்சை அளித்துவருகிறது. அந்தப் பணி நின்றுவிடாமல் நடக்க உங்கள் உதவியை நாடுகிறோம்.

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றின் பிடியில் சிக்கியவருக்கு மனவுறுதி போதவில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மூளை அப்பொருளுக்குப் பழகிவிட்ட பிறகு, அது கிடைக்காத சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உடம்பை முறிக்கும் வலியும் தொடங்கிவிடுகின்றன. அந்த வேதனையில் வெறும் அறிவுரை எடுபடாது. பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் ஆகிய மருந்துகள் வேதனையைத் தணித்து, ஏக்கத்தையும் அடக்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மாறாக, ஒருவரைச் சில நாள் உள்ளே வைத்துப் போதையை மட்டும் இறக்கி அனுப்பினால், உடல் தாங்கும் திறனை இழந்திருக்கும் அந்நேரத்தில் பழைய அளவே அவர் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

மருந்து இருந்தும் வீடற்றவர் கைக்கு அது வந்து சேர்வதில்லை. முகவரி கேட்கப்படும் பதிவேடு, விடியற்காலை வரிசை, போய்த் திரும்புவதற்குள் களவு போய்விடும் மூட்டை என்று தடைகள் பல. (மூட்டையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததாலேயே மருத்துவமனைக்குப் போகாதவர்களை நாங்கள் அறிவோம்.) ஆகவே அவர்களைத் தேடிச்செல்லும் எங்கள் செவிலியர் பெரும்பாலும் காலிலிருந்து தொடங்குகிறார். பல நாள் கழற்றாத காலுறை புண்ணோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் தோலும் சேர்ந்து வரும் என்பதால், உப்புக்கரைசலை ஊற்றி ஊறவைத்து, நூல் நூலாகப் பிரித்தெடுக்க அரை மணி நேரம் கூட ஆகலாம். அந்த அரை மணியில்தான் பேச்சு தொடங்குகிறது. கையில் ஊசி குத்திய இடத்தில் சீழ்க்கட்டி இருப்பதை மூன்றாவது சந்திப்பில்தான் நோயாளி காட்டுவார். பியூப்ரினார்ஃபின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, விழுங்கிவிடாமல் கரையும்வரை காத்திருக்கச் சம்மதிப்பது அதற்கும் பிறகுதான்.

அளவு மீறிப் போதையேறி மூச்சடங்குபவரை நலாக்சோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களில் மீட்கும். ஆனால் அதன் வேகம் 30 முதல் 90 நிமிடத்துக்குள் தணிந்துவிடுவதால், மூச்சு மறுபடி அடங்கக்கூடும். கண் விழித்துவிட்டார் என்று விட்டுவிட்டு வராமல், அருகிலிருந்து கவனித்து மருத்துவமனைக்கும் அனுப்பவேண்டும். இதை வீதியில் உடன் வாழ்பவர்களுக்கும் கற்றுத்தருகிறோம், ஏனெனில் அந்நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களே.

கட்டடம் எழுப்ப நிதி கேட்டிருந்தால் திரட்டுவது எளிதாக இருந்திருக்கும். கல்வெட்டில் பெயர் பொறித்துத் தந்திருக்கலாம். எங்கள் செலவில் பெரும்பகுதி செவிலியருக்கும், போதையிலிருந்து மீண்டு இன்று எங்களோடு களப்பணி செய்பவர்களுக்கும் தரும் ஊதியமே. மருந்தும் கட்டுத்துணியும் வண்டிக்கு எரிபொருளும் அடுத்த செலவுகள். பியூப்ரினார்ஃபின் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது; இடையில் நின்றால் ஆபத்து முன்பைவிட அதிகம். எனவே ஒரே தவணையில் பெருந்தொகை தருவதைவிட, சிறு தொகையாயினும் மாதந்தோறும் தருவதாக உறுதியளிப்பதே எங்களுக்குப் பேருதவி.

நன்கொடைக்கு ரசீது வழங்கப்படும். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் அனுப்பிவைப்போம். சிகிச்சை பெறுபவர்களின் படங்களை மட்டும் யார் கேட்டாலும் அனுப்புவதில்லை.

பொருளாகத் தர விரும்புவோர் பழைய துணிகளைத் தவிர்த்து, புதிய பருத்திக் காலுறைகளாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பையில் எப்போதும் முதலில் தீர்ந்துபோவது அவைதாம்.

இங்ஙனம்,
நிதிக்குழுவினர்