ஏப்ரலில் டெவில்ஸ் பூல் கிடையாது: ஜாம்பியா பயணத் திட்டம் குறித்த புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஏப்ரலில் உங்கள் நிறுவனம் மூலம் குடும்பத்தோடு ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் நகருக்குப் போய்வந்தோம். விக்டோரியா அருவியைப் பார்ப்பது, அருவியின் விளிம்பிலேயே இருக்கும் டெவில்ஸ் பூலில் குளிப்பது, கீழே பட்டோகா பள்ளத்தாக்கில் ரப்பர் படகில் ராஃப்டிங் போவது என்று மூன்றுக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினீர்கள். கடைசி இரண்டும் நடக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "எதிர்பாராத இயற்கைச் சூழல், விதிமுறைப்படி பணம் தர முடியாது" என்று மின்னஞ்சல் வருகிறது.

இதில் எதிர்பாராதது எதுவும் இல்லை. விக்டோரியா அருவியாக விழும் சாம்பெசி ஆற்றில் வெள்ளம் உச்சத்துக்கு வருவதே ஏப்ரல் வாக்கில்தான். அங்கோலாவிலும் ஜாம்பியாவின் வடமேற்கிலும் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, வழியில் பரோட்சே சமவெளியில் பரவித் தேங்கி மெதுவாக வடிகிறது. அது அருவிக்கு வந்து சேர்வதற்குள் லிவிங்ஸ்டனில் மழைக்காலமே முடிந்துவிடும். வருடா வருடம் இப்படித்தான். டெவில்ஸ் பூலுக்கு நீர் வற்றிய மாதங்களில், ஏறக்குறைய ஆகஸ்ட் நடுவிலிருந்து ஜனவரி வரைதான் ஆட்களை அழைத்துப் போகிறார்கள். ராஃப்டிங்கையும் வெள்ளம் மிகுந்தால் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டிக்கும் விடுதி வரவேற்பறையில் இருந்தவருக்கும் தெரிந்த இந்த விஷயம், அந்த ஊருக்குப் பயணம் விற்கும் உங்களுக்குத் தெரியாதா?

என்னை அதிகம் கோபப்படுத்தியது வேறொன்று. அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்கு அழைத்தபோது, "டெவில்ஸ் பூலுக்குக் கூட்டிப்போகும் படகுக்காரரிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள், அட்ஜஸ்ட் செய்வார்" என்றார் உங்கள் ஊழியர். அந்தக் குளத்தின் மறுபக்கம் 100 மீட்டருக்கு மேல் பள்ளம் சார்! என் மகள் உடன் இருந்தாள். வழிகாட்டி உறுதியாக மறுத்தார், அவருக்கு நன்றி.

அருவியைக் குறை சொல்ல மாட்டேன். அருவிக்கு எதிரே இருக்கும் நைஃப் எட்ஜ் பாலத்தில் சாரலில் தொப்பலாக நனைந்தபடி நின்றது மறக்காது. அப்புறம், ஏப்ரலில் கிடைக்கிற அருமையான ஒன்று உங்கள் திட்டத்தில் இல்லவே இல்லை: வெள்ளக் காலத்தில் முழுநிலவை ஒட்டிய இரவுகளில் அருவிப் பூங்காவைத் திறந்து வைக்கிறார்கள், சாரலில் நிலா வெளிச்சத்தின் வானவில் தெரியும். நாங்கள் போனது அந்த நாள்களில் இல்லை. முன்பே சொல்லியிருந்தால் தேதியை மாற்றியிருப்போம்.

டெவில்ஸ் பூல், ராஃப்டிங் இரண்டுக்கும் வாங்கிய கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிக் கூப்பன் எனக்கு வேண்டாம். விளம்பரத்தில் எந்தெந்த மாதத்தில் எது நடக்கும் என்று எழுதுங்கள். அடுத்த ஏப்ரலுக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இருந்தால் இப்போதே அழைத்துச் சொல்லுங்கள்.

15 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன். ரசீது, பயண அட்டவணை, உங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்