பெட்டியை விற்காதே

அன்புள்ள செல்வம்,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் நீ உண்மையைச் சொல்லப் போவதில்லை. அதனால் கேட்கவில்லை.

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். திருவிழாக் கமிட்டியில் இந்த வருஷம் நாடகம் வேண்டாம், ஆடலும் பாடலும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணிவிட்டார்களாம். சரி, அது அவர்கள் திருவிழா. ஆனால் அடுத்த மூச்சிலேயே உன் ஆர்மோனியத்தைப் பற்றி, "பெட்டியைக் கொடுத்துரலாம்னு இருக்கேன், ஒருத்தன் விலை கேட்டிருக்கான்" என்கிறாய். ரேஷன் கார்டில் முகவரி மாற்றுகிற மாதிரி எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாய்! உடனே போன் போட்டிருப்பேன். போட்டால் நீ நடுவில் புகுந்து பபூன் வேலை பார்ப்பாய், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

இங்கே அமெரிக்காவில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது. மகள் ஆபீஸ் போய்விடுகிறாள், பேரன் பள்ளிக்கூடம் போய்விடுகிறான், நான் ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைப் பொறுக்காமல் அவள்தான் பெயர் கொடுத்துவிட்டாள். கொலம்பஸ் நகரத்துக்கு நடுவில், மாநிலச் சட்டசபைக் கட்டடத்துக்கு எதிரே, ஒஹாயோ தியேட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதில் டிக்கெட்டைப் பார்த்து, டார்ச் அடித்து, ஆட்களை இடத்தில் உட்கார வைக்கிற வேலை. தொண்டர் வேலைதான். எல்லாரும் உட்கார்ந்த பிறகு பின்னால் நின்று நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்ளலாம். சிரிக்காதே. மதுரைத் தங்கம் தியேட்டரில் வரிசையில் நின்று சட்டை கிழித்துக்கொண்ட நானா இன்றைக்கு அடுத்தவனுக்கு இடம் காட்டுகிறேன் என்று எனக்கே சிரிப்பு வருகிறது. குண்டுவிடம் சொல்லிவிடாதே, ஊர் முழுக்கப் பரப்புவான்.

முதல் நாள் உள்ளே போனதும் எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். சிவப்பும் தங்கமுமாகக் கண்ணைக் குத்துகிறது. ஒரு கையளவு சுவரைச் சும்மா விடவில்லை. ஸ்பானிஷ் பாணி என்கிறார்கள். தாமஸ் லாம்ப் என்ற கட்டடக்கலைஞர் கட்டியது. உள் அலங்காரம் ஆன் டோர்னன் என்ற பெண்மணி செய்தது. கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்கச் சாமான்களை வைத்தே ஒரு மூலையை அலங்கரித்திருக்கிறார். கிட்டத்தட்ட 2,800 பேர் உட்காரலாம். சாதாரண ஜனம் சில காசு கொடுத்து ராஜா மாதிரி உட்கார்ந்து படம் பார்க்கட்டும் என்று 1928 மார்ச் 17இல் திறந்திருக்கிறார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் இங்கே பழைய படங்கள் போடுவார்கள். அன்றைக்கும் டார்ச்சோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். விளக்கு மங்கியது. மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து ஒரு பெட்டி தானாக மேலே ஏறி வருகிறது! நான்கு அடுக்குக் கட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றைச் சுற்றி அரைவட்டமாக வண்ண வண்ணப் பொத்தான்கள். முன்னால் ஒருத்தர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். மேலே வரும்போதே வாசித்துக்கொண்டு வருகிறார். கை இரண்டும் மேல் கட்டைக்கும் கீழ்க் கட்டைக்கும் தாவுகின்றன, காலும் தரையில் உள்ள கட்டைகளில் தனியாக ஒரு பாட்டைப் போடுகிறது. டேய் செல்வம், அந்த நிமிஷம் உன்னைத்தான் நினைத்தேன். இரவு பத்து மணிக்குக் கால் பெட்டியை மிதிக்க ஆரம்பித்து, விடியற்காலம் ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டினதும் நீயே அவருக்கும் சேர்த்துப் பாடுவாயே, அந்த நினைப்பு.

அதன் பெயர் ராபர்ட் மார்ட்டன் ஆர்கன். தியேட்டர் திறந்த அன்றைக்கு வந்தது, இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. உன் பெட்டிக்குள் உலோக நாக்குகள் அதிர்கின்றன, இதில் குழாய்கள். நம் கண்ணுக்குத் தெரிகிற பெட்டி வெறும் சாவிதான். சத்தம் வருவது மேடையின் இரண்டு பக்கச் சுவர்களுக்குப் பின்னால் உள்ள அறைகளிலிருந்து. அங்கே வரிசை வரிசையாகக் குழாய்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குரல்: ஒன்று புல்லாங்குழல் மாதிரி, ஒன்று எக்காளம் மாதிரி, ஒன்று மனிதன் முனகுகிற மாதிரி. மோட்டார் காற்றை ஊதுகிறது. கட்டையை அழுத்தினால் மின்சாரம் போய் அந்தக் குழாயின் அடைப்பைத் திறக்கிறது. முரசு, மணி, சைலபோன் எல்லாம் நிஜமாகவே உள்ளே இருக்கின்றன, காற்றே அவற்றை அடிக்கிறது. ஊமைப்படக் காலத்தில் பெரிய வாத்தியக் கோஷ்டி செய்கிற வேலையை ஒரே ஆள் செய்யட்டும் என்றுதான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தியேட்டர் திறந்தபோது பேசும் படம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதாவது வந்து இறங்கும்போதே இந்தப் பெட்டிக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. ஆடலும் பாடலும் வந்ததும் உனக்குப் போனது மாதிரிதான் என்று வைத்துக்கொள். ஆனாலும் ரோஜர் காரெட் என்பவர் 1933இலிருந்து 1942 வரை இங்கே உட்கார்ந்து வாசித்திருக்கிறார். படத்துக்கு அது தேவைப்படவில்லை, ஜனங்களுக்குத் தேவைப்பட்டது.

1969இல் தியேட்டரை மூடிவிட்டார்கள். டவுனில் படம் பார்க்க ஆள் வரவில்லை, எல்லாரும் புறநகர் போய்விட்டார்கள், இடத்துக்கு மட்டும் நல்ல விலை. இடித்துவிட்டு ஆபீஸ் கோபுரம் கட்டுவதாகத் திட்டம். கடைசியாக ஒரு கச்சேரி வைத்து வழியனுப்பலாம் என்று அதே காரெட்டைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார்கள். ஹால் நிறைந்துவிட்டது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை, அதுதான் விஷயம். ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்து, ஒரு வருஷத்துக்குள் பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூல் பண்ணித் தியேட்டரை வாங்கிவிட்டார்கள். அப்புறம் 1970களில் தொண்டர்களும் கையைப் போட்டு, தூசி தட்டி, பூச்சு சரிபண்ணி, வண்ணம் அடித்துப் பழையபடி ஆக்கினார்கள். 1977இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. 1984இல் பக்கத்தில் புதுக்கட்டடமும் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு கொலம்பஸ் சிம்பொனிக்கு இதுதான் வீடு. டிசம்பரில் பாலே. நடுவில் நாடகம், பாட்டு, பேச்சு. வெளியூரிலிருந்து பெரிய நாடகங்கள் வரும்போது டிக்கெட் விலை கேட்டால் எனக்கே தலை சுற்றும், கோடைப் படங்கள் மட்டும்தான் மலிவு. அந்தக் குறை எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

நம் தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. ஆசியாவிலேயே பெரியது என்று நாம் பெருமை அடித்துக்கொண்ட தியேட்டர்! நானும் நீயும் அதைப் பற்றி எத்தனை டீ குடித்துப் புலம்பியிருக்கிறோம். ஒரு ரூபாய் வசூல் பண்ணினோமா? நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபப்படாதே. தனியார் சொத்து, நாம் என்ன பண்ண முடியும் என்பாய். இங்கேயும் தனியார் சொத்தாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் அமெரிக்காக்காரன் பெருமை என்று எடுத்துக்கொள்ளாதே. இதே ஊரில் லிங்கன் என்று இன்னொரு தியேட்டர் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் தியேட்டர்களில் கறுப்பினத்தவர்களை ஒதுக்கி வைத்த காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று 1929இல் கட்டிக்கொண்டது. கவுன்ட் பேசி மாதிரி ஜாஸ் கலைஞர்கள் வாசித்த இடம். அது வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்து, 2009இல்தான் சரிபண்ணித் திறந்தார்கள். எந்தத் தியேட்டருக்கு முதலில் வசூல் நடக்கிறது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. இப்போது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பும் நடக்கிறது. நான் போன அன்றைக்கு ஒரு பொடியன் தன்னைவிடப் பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு படியேறினான். சாக்ஸபோனோ என்னவோ. யார் சொல்லியும் கேட்காமல் தானே தூக்கினான்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். உன் பெட்டியை விலை கேட்டவன் வாசிக்கத் தெரிந்தவனா? இல்லை, ஹோட்டல் வாசலில் அழகுக்கு வைக்க வாங்குகிறானா? வாசிக்கிறவன் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். மற்றவன் என்றால் கொடுக்காதே. உனக்குப் பணம்தான் நெருக்கடி என்றால் நேராகச் சொல், சுற்றி வளைக்காதே, நமக்குள் என்ன இருக்கிறது. மகன் படிப்புக்கா, பல் வைத்தியத்துக்கா, எதுவாக இருந்தாலும் சரி. கமிட்டி கூப்பிடவில்லை என்ற கோபத்தில் விற்கிறாய் என்றால் மட்டும் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

இன்னொன்று. ஸ்திரீபார்ட் அக்காவின் பேரனுக்கு ஸ்வரஞானம் இருக்கிறது என்று நீதானே போன தீபாவளிக்குச் சொன்னாய்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கூப்பிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வை. காசு வாங்காதே. வாங்கினால் நாலு நாளில் நிறுத்திவிடுவான், இல்லையென்றால் நீ நிறுத்திவிடுவாய். மதுரை நாடக நடிகர் சங்கத்துக்கு நாடகம் ஏற்பாடு பேச இன்னும் ஊர்க்காரர்கள் வருகிறார்களா, இந்த வருஷம் எத்தனை ஊர் வந்தது என்று விசாரித்து எழுது. எனக்கு நிஜமான கணக்கு வேண்டும், "எல்லாம் போச்சுப்பா" என்ற உன் வழக்கமான பாட்டு வேண்டாம்.

டிசம்பரில் மகளின் தோழி மதுரைக்கு வருகிறாள். கால் வலித் தைலமும் பேரன் விளையாடி முடித்த கீபோர்டும் கொடுத்து அனுப்புகிறேன். கீபோர்டு பையனுக்கு, உனக்கு இல்லை. தங்கச்சி கேட்ட பாதாம் பருப்பும் வரும். பதிலுக்கு நீ கொடுத்துவிட வேண்டியது வத்தல், மல்லிப்பொடி, தாடி வாத்தியாரின் புது நம்பர். பழைய நம்பரில் யாரோ இந்தியில் திட்டுகிறார்கள்.

அன்புடன்,
உன் டார்ச் லைட்