உடன்பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

நீண்டகால நோயோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு என்ன செய்து தர வேண்டும் என்பது எங்களுக்கு ஓரளவு பழகியிருக்கிறது. மருத்துவமனை நாளில் விடுப்பு, மாத்திரை வேளையில் ஒரு நினைவூட்டல், விளையாட்டு வகுப்பில் ஓய்வு என்று அவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் தேவைகள். ஆனால் அதே கட்டடத்தில் வேறொரு வகுப்பில் அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் அக்காவையோ அண்ணனையோ நாங்கள் போதிய அளவு கவனித்ததில்லை. இக்கடிதம் அவர்களைப் பற்றியது. எந்த ஒரு குடும்பத்தையும் சுட்டாமல், எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன்.

நான் அருகிலிருந்து பார்த்தது தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அவ்வாறு ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்ற மருந்தும் தொடர்ந்து கொடுக்க வேண்டும். இரத்தம் ஏற்றும் நாளில் தாய் விடிவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறியாக வேண்டும். வீட்டில் மீதமிருக்கும் பிள்ளை தானே எழுந்து, தானே தலைசீவி, கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பள்ளியில் இருந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. அவள் தம்பிக்குத் தலசீமியா. வகுப்பில் அவளைப் பொறுப்பான பெண் என்று எல்லோரும் பாராட்டுவோம். ஒருநாள் முதலுதவிப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் வயிற்றுவலி வந்த தேதிகளெல்லாம் தம்பி விடுப்பெடுத்த தேதிகளாகவே இருப்பதைக் கண்டேன். மெல்ல விசாரித்தேன். முன்பொரு முறை இரத்தம் ஏற்றும்போது தம்பிக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, இரவு மருத்துவமனையிலேயே தங்க நேர்ந்திருக்கிறது. அவள் பூட்டிய வீட்டின் திண்ணையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். அன்று மதியமே அவள் தந்தை பள்ளிக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லியிருந்தார். குழந்தை பயந்துவிடக் கூடாதே என்று நாங்கள்தான் அவளிடம் சொல்லாமல் விட்டோம். நல்லெண்ணத்தோடு செய்த அந்தத் தவறுதான் மாதந்தோறும் அவள் வயிற்றில் வலியாக வந்துகொண்டிருந்தது. எங்கள் பாராட்டும் அவளுக்கு உதவவில்லை. பொறுப்பான பெண் என்று பெயர் வாங்கியவள், பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வாள்?

ஆகவே உங்களை முதலில் கேட்டுக்கொள்வது இதுதான். மருத்துவமனைக்குப் போகும் தேதியை நோயுற்ற பிள்ளையின் வகுப்பாசிரியருக்கு மட்டுமன்றி, உடன்பிறந்த பிள்ளையின் வகுப்பாசிரியருக்கும் தெரிவியுங்கள். அன்று மாலை வீட்டில் யார் இருப்பார்கள், திரும்பத் தாமதமானால் அந்தப் பிள்ளை யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை முந்தைய இரவே அதனிடம் சொல்லிவிடுங்கள். இடையில் ஏதேனும் மாறினால் பள்ளிக்குச் சொல்லுங்கள். நாங்கள் அதைப் பிள்ளையிடம் மறைக்க மாட்டோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கானது என்பதால், அதற்கு மேல் படிக்கும் பிள்ளை அந்நாட்களில் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார நேரலாம். அவர்களுக்குக் காலை உணவு கொடுக்க ஆசிரியர்கள் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டுள்ளோம். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்நோயைக் குணப்படுத்தச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்துமா என்று பரிசோதிப்பார்கள். முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு ஒவ்வோர் உடன்பிறப்புக்கும் நான்கில் ஒன்றுதான். பொருந்தவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து, தேர்வில் தோற்றுவிட்டதைப் போலத் தலைகுனிந்து நடந்த ஒரு சிறுவனை நான் அறிவேன். அவனுடைய வீட்டில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. இது அவன் முயற்சியால் கூடுவதோ குறைவதோ அல்ல என்பதையும் யாரும் சொல்லவில்லை. பரிசோதனைக்கு முன்பே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்.

சில குடும்பங்கள் நோயின் பெயரையே வெளியில் சொல்லக் கூடாது என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கியிருப்பதும் எனக்குத் தெரியும். நாளை அக்காவுக்கு வரன் பார்க்கும்போது தடையாகிவிடுமோ என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. நம் ஊரில் அது வெறும் கற்பனை என்று சொல்லிவிட என்னால் முடியாது. ஆனால் அந்த இரகசியத்தைத் தினமும் சுமப்பது ஒரு குழந்தை. உடன்பிறந்தவர் தலசீமியா ‘கேரியர்’ ஆக, அதாவது அந்நோய்க்கான மரபணுவைச் சுமப்பவராக இருந்தாலும் அவர் நோயாளி அல்லர். தாய், தந்தை இருவருமே கேரியராக இருந்தால்தான் பிள்ளைக்கு அந்தக் கடுமையான நோய் வரும் வாய்ப்பு ஏற்படுகிறது. திருமணத்துக்கு முன் இரு தரப்பும் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் அது தெரிந்துவிடும். மேலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே தலசீமியாவை மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனவே ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்; ஒரே ஓர் ஆசிரியரிடமாவது மனம்விட்டுப் பேசப் பிள்ளைக்கு அனுமதி கொடுங்கள்.

மற்ற பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. தலசீமியா தொற்றுநோய் அன்று. அந்த வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளை உட்காரலாம், சாப்பிடலாம். “தம்பிக்கு இப்போது எப்படி இருக்கிறது?” என்று பள்ளி வாசலில் அந்தக் குழந்தையை நிறுத்திக் கேட்காதீர்கள், பெரியவர்களிடம் கேளுங்கள். விடுமுறை நாளில் அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு விளையாட அழைத்துச் செல்லுங்கள். உடல்நலமுள்ள, 18 வயது நிறைந்தவர்கள் இரத்ததானம் செய்யுங்கள். குறிப்பாகக் கல்லூரிகள் மூடியிருக்கும் கோடை மாதங்களில் இரத்த வங்கிகளில் தட்டுப்பாடு வருவது வழக்கம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

பள்ளியின் பக்கம் இரண்டு முடிவுகள் எடுத்துள்ளோம். நோயுற்ற பிள்ளையின் விடுப்பு, வீட்டுப்பாடம், மருந்து பற்றிய எந்தச் செய்தியையும் இனி உடன்பிறந்த பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்ப மாட்டோம். பெற்றோரையே நேரில் அழைத்துப் பேசுவோம். பெற்றோர் கூட்டம் மருத்துவமனை நாளில் அமைந்துவிட்டால், உடன்பிறந்த பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச மட்டுமே அவர்களுக்கு வேறொரு மாலை நேரம் ஒதுக்குவோம். அன்று அந்தப் பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். எவ்வளவு களைத்திருந்தாலும் அந்த அரைமணி நேரத்துக்கு வாருங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

இவ்வாறு ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இக்கடிதத்தோடு இணைத்துள்ள தாளில் பெயரையும் வகுப்பையும் மட்டும் எழுதி, உறையில் இட்டு ஒட்டி என்னிடம் நேரில் கொடுங்கள். நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்