அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸ் வழிபாடும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

கிருஷ்ணகிரி
டிசம்பர் 3

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

காலாண்டுத் தேர்வில் எல்லா வகுப்புகளும் நன்றாகவே செய்திருக்கின்றன. பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. காலைச் சிறப்பு வகுப்பு தொடங்கியாகிவிட்டது. விளையாட்டுப் போட்டிகளுக்குப் போன பிள்ளைகள் பரிசுகளோடு திரும்பினார்கள். குழந்தைகள் தின விழா சிறப்பாக நடந்தது. மழையால் விடுமுறை விட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டி வருகிறோம். உழைத்த பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் என் பாராட்டுகள்.

இனி கிறிஸ்துமஸ் வழிபாடு. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

டிசம்பர் 23, கடைசித் தேர்வு முடிந்த மதியம் 2 மணிக்கு நம் பள்ளி வளாகத்தில் வழிபாடு நடக்கும். மறுநாள் விடுமுறை. எலத்தகிரி, கந்திகுப்பம், சுண்டம்பட்டிப் பிள்ளைகள் அவரவர் ஊர்க் கோவிலில் 24ஆம் தேதி இரவுப் பூசைக்குப் போய்விடுவார்கள். ஆனால் நம் பள்ளியில் மற்ற சமயத்துப் பிள்ளைகள்தான் அதிகம். கிறிஸ்துமஸை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கொண்டாடுவதற்கு நமக்குக் கிடைப்பது இந்த ஒன்றரை மணி நேரம் மட்டுமே. அதனால்தான் இதை ஒரு மாதம் முன்பே திட்டமிடுகிறோம்.

என்ன திட்டம் என்று உங்களுக்குச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. இப்போது சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலத்தைத் திருவருகைக் காலம் என்கிறோம். அது காத்திருக்கிற காலம். பூசையில் சாமியார் ஊதா நிற உடை அணிவார். அந்த ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ என்று தொடங்கும் வானவர் கீதத்தைப் பாட மாட்டார்கள். பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள் இருக்கும், மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். ரோஜா நிறத் திரி மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. இப்படி நான்கு வாரம் அடக்கி வைத்த பாட்டைக் கிறிஸ்துமஸ் இரவில் ஊரே பாடும்போது கோவில் கூரை அதிரும். சிறு வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அந்தக் காத்திருப்பை நம் பிள்ளைகளும் உணர வேண்டும் என்றுதான் வழிபாட்டை இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறோம். முதல் பாதியில் காத்திருப்பின் பாடல்கள் மட்டும், மெதுவாக, ஆர்மோனியம் மட்டும் வைத்து. நான்கு வகுப்புப் பிள்ளைகள் நான்கு திரிகளை ஏற்றுவார்கள். விவிலியத்தில் எசாயா 9ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வாசகம், அடுத்து லூக்கா 2ஆம் அதிகாரம். வயல்வெளியில் இடையர்களுக்கு வானதூதர் செய்தி சொல்லும் இடம் வந்ததும் வாசிப்பு நிற்கும். உடனே நம் பள்ளி மணி அடிக்கப்படும். வராந்தாவில் தொங்குகிற அந்தத் தண்டவாளத் துண்டைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகே தபேலா சேரும், கிறிஸ்துமஸ் பாடல்கள் தொடங்கும்.

மொத்தம் ஐந்து பாடல்கள். நம் பிள்ளைகளில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். எனவே ஒரு பாடலின் பல்லவியை மட்டும் தெலுங்கில் வைத்திருக்கிறோம். எல்லாப் பாடல்களும் இரண்டு பயிற்சியில் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் குரலும், மகரக்கட்டில் இருக்கிற ஒன்பதாம் வகுப்புப் பையனின் குரலும் ஒன்றாக எட்டுகிற சுருதியை, தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து, பாட்டு ஆசிரியர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். தனிப்பாட்டு என்று எதையும் வைக்கவில்லை. பள்ளி முழுக்கப் பாடும்.

இந்த இடத்தில்தான் சிக்கல் வந்தது.

பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து சில பெற்றோர் பாட்டு ஆசிரியரைத் தொடர்ந்து கைபேசியில் அழைக்கிறார்கள். ‘என் மகளுக்கு ஒரு சரணமாவது தனியாகக் கொடுங்கள்’, ‘போன வருடம் அவனுக்குக் கொடுத்தீர்கள், இந்த வருடம் என் பையனுக்கு ஏன் இல்லை’ என்று இரவு பத்து மணிக்கு மேலும் அழைப்பு வருகிறது. சிலர் மாலையில் பயிற்சி அறைக்கே வந்து, முன் பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் பிள்ளையை மட்டும் வீடியோ எடுக்கிறார்கள். போன வாரம் ஒருவர் பென் டிரைவில் இசைத் தடம் கொண்டுவந்து, இதைப் போட்டு என் மகளைப் பாட வையுங்கள் என்றார். ஆசிரியர் மறுக்கத் தயங்கினார். பாட்டு ஓடியது. அது பெரியவர் ஒருவரின் குரலுக்காக உச்ச சுருதியில் செய்த தடம். மற்ற பிள்ளைகள் இரண்டு வரி முயன்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஆர்மோனியக்காரர் என்றால் பிள்ளைகள் மூச்சு வாங்கும்போது ஒரு நொடி காத்திருப்பார். பதிவு செய்த தடம் யாருக்காகவும் நிற்காது. அந்தப் பெண் குழந்தையும் நடுவில் தாளம் விட்டு, முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பெரிய ஏற்பாடு இல்லாமல் கிறிஸ்துமஸ் எடுபடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘சைலண்ட் நைட்’ என்று உலகம் முழுக்கப் பாடுகிற பாட்டு, 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்ற சிற்றூர்க் கோவிலில்தான் முதல் முறை பாடப்பட்டது. துணைக்கு இருந்தது ஒரு கிடார்.

பாட்டு போகட்டும். மன்றாட்டில் நடந்தது என்னை இன்னும் அதிகமாக வருத்தியது.

வழிபாட்டில் வாசிக்கிற மன்றாட்டுகளைப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். பூசையில் மன்றாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் திருச்சபைக்காக, பிறகு நாட்டுக்காகவும் ஆள்வோருக்காகவும், பிறகு துன்பப்படுகிறவர்களுக்காக, கடைசியாக நம் சொந்தச் சமூகத்துக்காக. இதைச் சொல்லிக் கொடுத்து, ஒரு மூச்சில் வாசிக்கிற அளவுக்கு எழுதச் சொன்னோம். ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதி வந்தது: ‘எங்க அப்பா லாரி ஓட்டுறாரு. ராத்திரியில ரோட்டுல போற எல்லா அப்பாவும் தூங்கிடாம வீட்டுக்கு வரணும்.’ எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஒரு இடத்தில் அடித்துத் திருத்தியும் இருந்தது. சென்னை சாலையும் சேலம் சாலையும் பெங்களூரு சாலையும் சேர்கிற ஊர் நம்முடையது. இரவு முழுக்க லாரிச் சத்தம் கேட்டுத் தூங்குகிற பிள்ளைகள் இவர்கள். இதைவிடப் பொருத்தமான மன்றாட்டை நான் எழுதியிருக்க முடியாது. ஆசிரியர் அறையில் அதை வாசித்தபோது யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் அந்தக் குழந்தை வேறு ஒரு தாளோடு வந்தது. முழுப் பக்கம், வீட்டில் பெரியவர்கள் எழுதிக் கொடுத்தது. உலக அமைதி, அணு ஆயுதம், சுற்றுச்சூழல் எல்லாம் இருந்தன. எதையும் குழந்தையால் திக்காமல் வாசிக்க முடியவில்லை. பழைய தாள் எங்கே கண்ணா என்று கேட்டேன். ‘அது நல்லா இல்லன்னு வீட்டுல சொல்லிட்டாங்க மிஸ்’ என்றது.

நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளை எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறது, குறைவாக இருந்துவிடக் கூடாதே என்ற கவலை. எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தக் கவலை எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழந்தை தன் அப்பாவுக்காகக் கடவுளிடம் கேட்டதைத்தான் நாம் நன்றாக இல்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பழைய தாளையே மீண்டும் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் 23 அன்று அதுதான் வாசிக்கப்படும்.

எனவே சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். பயிற்சி நடக்கும் அறைக்குள் இனி பெற்றோர் வரக் கூடாது. பாட்டு ஆசிரியரின் கைபேசிக்கு இது தொடர்பாக யாரும் அழைக்கக் கூடாது; கேட்க வேண்டியதை என்னிடம், பள்ளி நேரத்தில், நேரில் வந்து கேளுங்கள். எந்தப் பாட்டு, யார் வாசிப்பது, யார் திரி ஏற்றுவது என்பதில் மாற்றம் இருக்காது. மன்றாட்டு வாசிக்கிற பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுத்தோம், பிள்ளைகள் கண் முன்னாலேயே. வழிபாட்டின்போது கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கக் கூடாது. இவற்றை நான் வேண்டுகோளாக எழுதவில்லை. இரவில் வந்த அழைப்புகளால் ஒரு நல்ல ஆசிரியர், இந்தப் பொறுப்பே வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று என்னிடம் கேட்கும் நிலை வந்துவிட்டது. அது மீண்டும் நடக்க விட மாட்டேன்.

எந்தப் பெற்றோர் என்ன செய்தாலும் அதைப் பிள்ளையின் மேல் காட்ட மாட்டோம். அந்தப் பயம் யாருக்கும் வேண்டாம்.

உங்கள் பிள்ளை பாடுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை. அதற்கு ஆண்டு விழா இருக்கிறது. தனிப்பாட்டு, நடனம், பேச்சு எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. பெயர் கொடுக்க ஜனவரியில் அறிவிப்பு வரும். வழிபாட்டையும் ஒரு ஆசிரியர் ஓரமாக நின்று முழுவதும் பதிவு செய்வார். அன்று மாலையே வகுப்பு வாட்ஸ்ஆப் குழுக்களில் வந்துவிடும். பாடல் வரிகளை இந்த வாரம் அச்சடித்துக் கொடுத்தனுப்புகிறோம். வீட்டில் சமைக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பிள்ளையோடு சேர்ந்து ஒரு முறை பாடிப் பாருங்கள். 23ஆம் தேதி பின்னால் உட்கார்ந்திருக்கும் நீங்களும் பாட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

மற்ற சமயப் பெற்றோர் சிலர், என் பிள்ளை பாடலாமா, மணி அடிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். தாராளமாக. கட்டாயம் எதுவும் கிடையாது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வகுப்பு ஆசிரியர் ஏன் என்று கேட்க மாட்டார். விரும்புகிற பிள்ளையை நாங்கள் விலக்கவும் மாட்டோம். போன வருடம் மணி அடித்தது ஒரு முஸ்லிம் மாணவன். இந்த வருடமும் தானே அடிப்பேன் என்று பத்து நாளாக என் அறை வாசலில் நிற்கிறான்.

மாலைப் பயிற்சி 4.15 முதல் 5 வரை, தேர்வு தொடங்கும் வரை மட்டும். தேர்வு நாட்களில் பயிற்சி இல்லை. 22ஆம் தேதி ஒரே ஒரு ஒத்திகை உண்டு. இப்போது சீக்கிரம் இருட்டிவிடுகிறது, பனியும் இறங்குகிறது. டவுன் பஸ்ஸில் போகிற பிள்ளைகளை 4.45க்கே அனுப்பிவிடுகிறோம். ஓசூர் பக்கம் ஷிப்டுக்குப் போகிற பெற்றோர் வரத் தாமதமாகும் என்றால் வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். பிள்ளையோடு யாராவது ஒருவர் கூட இருப்போம்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பழுதான ஒலிபெருக்கியை ஒரு ரூபாய் வாங்காமல் சரி செய்து கொடுத்த அப்பாவுக்கு நன்றி. பயிற்சி நாட்களில் பசியோடு பாட வேண்டாம் என்று ஒரு தூக்கு நிறையச் சுண்டல் அனுப்பிய பாட்டிக்கு நன்றி. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையே அதற்குப் பிறகு கூடிவிட்டது. ஆட்டோவில் காத்திருந்து ஆறு பிள்ளைகளைத் தினமும் வீடு சேர்க்கிற அண்ணனுக்கும் நன்றி. குறை சொல்லி எழுத வேண்டியிருந்தது சிலரைப் பற்றி மட்டும்தான். மற்ற எல்லோரும் இந்தப் பள்ளியைத் தங்கள் வீடாக நினைத்து நடத்துகிறீர்கள், அது எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு உதவி. கிறிஸ்துமஸ் குடிலில் புல்வெளிக்காகப் பிள்ளைகள் கேழ்வரகு விதைக்கப் போகிறார்கள். விதை எங்களிடம் இருக்கிறது, தட்டுதான் போதவில்லை. ஓட்டையான பழைய தாம்பாளமோ, பிளாஸ்டிக் தட்டோ வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். 12ஆம் தேதிக்குள் விதைத்தால்தான் 23க்குள் பச்சை வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்